தீர்ப்பு இல்லாத பட்டிமன்றம்

வாயை மூடிக்கொண்டிருப்பதற்காக ஒரு அரசாங்கம் எனக்குக் காசு தந்தது என்று சொன்னால், என்னைத் தெரிந்தவர்கள் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். ஆனால் நடந்தது அதுதான். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, ஆக்லாந்தில், எங்கள் தமிழ் நட்புக் கழகத்துக்கு நான் செயலாளராக இருந்த காலத்தில் நடந்தது.

என் பெயர் அஞ்சலினா. சொந்த இடம் யாழ்ப்பாணம், குருநகர். நகர மையத்தில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் வேலை. கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும். கருத்து அதற்கும் முன்னால் நாக்கு நுனியில் இருக்கும். என் கணவர் டெஸ்மன் இதற்கு நேரெதிர். சட்டை வாங்குவதென்றாலும் கார் மாற்றுவதென்றாலும் "நீர் என்ன நினைக்கிறீர்?" என்று கேட்டு, நான் நினைப்பதையே தானும் நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிற மனுசன். வீட்டில் சண்டை வராததற்குக் காரணம் அன்பு என்று ஊர் சொல்லும். நான் சொல்லுவேன், அவருக்குக் கருத்தே இல்லை என்று.

அந்த வருடம் நியூசிலாந்தில் தேர்தலோடு சேர்த்து ஒரு வாக்கெடுப்பும் வந்தது. பாராளுமன்றத்துக்கு ஆட்களைத் தெரிவுசெய்கிற பழைய முறையே இருக்கட்டுமா, ஜெர்மனியில் உள்ளது போன்ற புதிய முறைக்கு மாறுவோமா என்பதுதான் கேள்வி. பழைய முறையில் ஒரு தொகுதியில் யார் கூடுதலாக வாக்கு எடுக்கிறாரோ அவர் உள்ளே போவார், மிச்சப் பேர் வீட்டுக்குப் போவார்கள். புதிய முறையில் ஆளுக்கு இரண்டு வாக்கு, ஒன்று தொகுதி எம்.பி.க்கு, மற்றது கட்சிக்கு. நாடு முழுவதும் ஒரு கட்சிக்கு எவ்வளவு பங்கு வாக்கு விழுகிறதோ, ஏறக்குறைய அவ்வளவு பங்கு பாராளுமன்றக் கதிரையும் அதற்குக் கிடைக்கும்.

எனக்கு எந்தப் பக்கம் என்பதில் ஒரு நிமிடமும் சந்தேகம் இருந்ததில்லை. புதிய முறைதான். எழுபத்தேழாம் ஆண்டு இலங்கையில், பாதிக்குச் சற்றே கூடுதலான வாக்கு எடுத்த ஒரு கட்சி ஆறில் ஐந்து பங்கு கதிரையை அள்ளிக்கொண்டு போனதைக் கண்ணால் கண்டவள் நான். அந்தப் பலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நினைத்ததையெல்லாம் சட்டமாக்கினார்கள். சின்ன இனங்கள் சிதறிக் கிடக்கிற நாட்டில் வென்றவன் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்வது எவ்வளவு ஆபத்து என்பதை எனக்கு யாரும் புத்தகம் போட்டுச் சொல்லத் தேவையில்லை. இந்த வாக்கெடுப்பில் என் பக்கம் வெல்ல வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது. ஓம், வெறிதான்.

இந்த நேரத்தில் டென்மார்க்கிலிருந்து தங்கச்சி ராசமணி போன் எடுத்தாள். அங்கே அப்போதுதான் ஐரோப்பிய நாடுகள் எல்லாம் ஒன்றாகச் சேருகிற உடன்படிக்கை பற்றி இரண்டாவது தரம் வாக்கெடுத்து முடித்திருந்தார்கள்.

"அக்கா, அந்த உடன்படிக்கையைப் புத்தகமா அடிச்சு நூலகத்திலை சும்மா குடுத்தவங்கள். ஓமெண்டு சொல்லுற ஆக்களுக்கும் காசு, இல்லையெண்டு சொல்லுற ஆக்களுக்கும் காசு. எல்லாம் அரசாங்கக் காசு! சனம் விளங்கி வோட்டுப் போடவேணுமாம்."

"நீ எதுக்குப் போட்டனி?"

"எனக்கு எங்கை வோட்டு? நான் இன்னும் டெனிஷ் சிட்டிசன் இல்லையே. புத்தகத்தை மட்டும் வாசிச்சனான்."

இங்கேயும் அப்படிக் காசு இருக்குமோ என்று விசாரித்தேன். இருந்தது. வாக்கெடுப்பைப் பற்றி மக்களுக்கு நடுநிலையாக விளக்க அரசாங்கம் பணம் ஒதுக்கியிருந்தது. அதில் ஒரு சிறு பகுதியை, வேறு வேறு மொழிக்காரர் தங்கள் மொழியில் கூட்டம் வைக்கக் கேட்கலாம் என்றார்கள். மதிய இடைவேளையில் கந்தோருக்குப் பக்கத்துக் கட்டடத்துக்கு நடந்துபோய், ஹீதர் என்ற அலுவலரைப் பார்த்தேன். மண்டப வாடகை, மைக், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒரே ஒரு நிபந்தனை. கூட்டம் எந்தப் பக்கமும் சாயக் கூடாது. கூட்டத்தை நடத்துகிறவர் வாக்கெடுப்பு முடியும்வரை எந்தப் பக்கத்துக்கும் ஆதரவு தேடக் கூடாது.

கையெழுத்துப் போடுமுன் எனக்குள் ஒரு சின்னச் சண்டை நடந்தது. ஆனால் போட்டேன். ஊரில் அரசாங்க ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டி, எதற்கு வாக்குப் போட வேண்டும் என்று வீதி வீதியாகக் கத்திக்கொண்டு போனதைக் கேட்டுப் பல்லைக் கடித்தவள் நான். எல்லாருடைய வரிப் பணத்திலும் ஒருத்தன் தன் பக்கத்துக்குப் பிரசாரம் செய்வது களவு. என் பக்கம் நியாயமான பக்கம் என்பதற்காகக் களவு களவு இல்லை என்று ஆகிவிடாது.

கழகக் கூட்டம் பாட்டனி டவுன்ஸில் பழனிவேலின் புது வீட்டில் நடந்தது. பழனிவேல் திருச்சிக்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நாலு பேர் கூடினால் அதில் மூன்று பேரைச் சிரிக்க வைத்துவிடுவார். வாக்குமுறை பற்றி விளக்கக் கூட்டம் என்று நான் சொன்னதும் எல்லாரும் கொட்டாவி விட்டார்கள்.

"அக்கா, விளக்கக் கூட்டம்னு போட்டா நீங்களும் நானும்தான் இருப்போம்," என்றார் பழனிவேல். "பட்டிமன்றம்னு போடுங்க. மண்டபம் பத்தாது. பழைய முறையா, புதிய முறையா? நான் பழைய முறைக்குப் பேசுறேன். எனக்கு உண்மையிலேயே அதுதான் சரின்னு படுது."

எல்லாரும் துள்ளி எழுந்துவிட்டார்கள். எனக்கும் சந்தோசம். இரண்டு பக்கத்துக்கும் சம நேரம், இதைவிட நடுநிலை வேறென்ன? புதிய முறைக்குப் பேச ஷாமிலா ஒத்துக்கொண்டாள். மன்னார்ப் பிள்ளை, ஆஸ்பத்திரியில் நேர்ஸ். நடுவராக சதாசிவம் ஐயா. மதுரைப் பக்கம் கல்லூரியில் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்று, இங்கே மகனோடு வந்து இருந்தார். அவர் நடுவராக இருந்த பட்டிமன்றத்தில் தீர்ப்பு வந்துவிட்டால், அதற்குப் பிறகு வீட்டில்கூட யாரும் அதை மறுத்துப் பேசுவதில்லை.

அடுத்த நாள் ஹீதரிடம் பெருமையாகப் போய் நிகழ்ச்சி நிரலைச் சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தார். "இந்த நடுவர் என்பவர் கடைசியில் என்ன செய்வார்?" என்று கேட்டார்.

"எந்தப் பக்கம் வென்றது என்று தீர்ப்புச் சொல்வார்."

"சபை அதை ஏற்றுக்கொள்ளுமா?"

"பின்னே! கைதட்டி ஏற்றுக்கொள்ளும்."

ஹீதர் பேனையைக் கீழே வைத்தார். "அஞ்சலினா, செய்யக் கூடாது என்று நாங்கள் கேட்டுக்கொண்டது இது ஒன்றைத்தான்," என்றார்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை. பட்டிமன்றம் என்றால் தீர்ப்பு இருக்கும் என்பது எங்கள் எல்லாருக்கும் மூச்சு விடுவது போல. அதனால்தான் அந்த இடத்தை ஒருத்தரும் யோசிக்கவேயில்லை. தீர்ப்பு இல்லாமல் நடத்துகிறோம் என்று ஹீதருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, சதாசிவம் ஐயா வீட்டுக்குப் போனேன்.

அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"ஏம்மா, தாலி கட்டாம பந்தி மட்டும் போட்டு அனுப்புறதுக்குப் பேரு கல்யாணமா? தீர்ப்பு இல்லாத பட்டிமன்றத்துல நடுவர் எதுக்கு? மணி அடிக்கவா? அதுக்கு சர்ச்சுல ஆள் இருக்குமே, அவரைக் கூப்பிடுங்க."

"ஐயா, இது அரசாங்கக் காசு. எல்லாற்றை காசும் இருக்கு. ஒரு பக்கம் சாயக் கூடாது."

"நான் எங்கம்மா சாயுறேன்? நியாயத்தைச் சொல்லப் போறேன். புது முறைதான் சரி. தீர்ப்பு எழுதியே வெச்சுட்டேன்."

பேச்சாளர்கள் வாய் திறக்குமுன்பே தீர்ப்புத் தயார்! அதுவும் என் பக்கத்துத் தீர்ப்பு. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவர் நடுவராக இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வேறு யாரைக் கேட்டாலும் "ஐயா மறுத்த கதிரையில நாங்க எப்படி உக்காருறது?" என்றார்கள். கடைசியில் அந்தக் கதிரை என் தலையில் விழுந்தது.

வீட்டில் சொன்னபோது டெஸ்மன் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "உம்மை நடுநிலைக்கு வைக்கிறது பூனையைப் பாலுக்குக் காவல் வைச்ச மாதிரி."

"சிரிக்காதேங்கோ. நான் கையெழுத்துப் போட்டனான்."

"அப்ப எனக்கு மட்டும் சொல்லும். நான் எதுக்குப் போடுறது?"

"சொல்ல ஏலாது."

"வீட்டுக்குள்ளையுமோ?"

"வீட்டிலை ஒரு கதை, வெளியிலை ஒரு கதையெண்டு கதைக்க எனக்குத் தெரியாது. வோட்டு முடியுமட்டும் என்னட்டை இதைப்பற்றிக் கேளாதேங்கோ."

அவர் பிறகும் கேட்டார். கடைக்குப் போகும்போது கேட்டார், பாத்திரம் துடைக்கும்போது கேட்டார். எழுபத்தேழாம் ஆண்டு என் தொண்டை வரைக்கும் வந்து வந்து போனது. விழுங்கினேன். பட்டினி இருப்பதுகூட இதைவிடச் சுகம்.

ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், சான்ட்ரிங்ஹாம் பக்கம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பட்டிமன்றம். பழனிவேல் சொன்னது சரி, கதிரை போதாமல் சனம் சுவரோடு நின்றது. முன்வரிசை நடுவில் சதாசிவம் ஐயா வேட்டி சால்வையோடு வந்து உட்கார்ந்திருந்தார். நான் நடுவர் கதிரையில், கையில் மணி. டெஸ்மன் கடைசி வரிசையில்.

பழனிவேல் எழுந்தார். எழுந்த உடனேயே சனம் சிரிக்கத் தொடங்கிவிட்டது.

"ரேஸ்ல முதல்ல வந்த குதிரைக்குத்தான் கப்பு. மூணாவதா வந்த குதிரைக்கு அரைக் கப்பு, நாலாவதா வந்ததுக்குக் கால் கப்புன்னு வெட்டிக் குடுப்பீங்களா? புது முறையில கட்சி லிஸ்ட்ல இருந்து எம்.பி. வருவாராம். அவர் யாருன்னே நமக்குத் தெரியாது. கல்யாண வீட்ல சில பேர் இருப்பான் பாருங்க, மாப்பிள்ளை வீட்டுக்காரன்னு பொண்ணு வீடு நினைக்கும், பொண்ணு வீட்டுக்காரன்னு மாப்பிள்ளை வீடு நினைக்கும். ஆனா முதல் பந்தியில அவன்தான் உக்காந்திருப்பான்!"

மண்டபம் அதிர்ந்தது. எனக்கே சிரிப்பு வந்தது, அதுதான் கொடுமை. அதோடு நிற்காமல், கூட்டணி ஆட்சி வந்தால் சின்னக் கட்சி வாலை ஆட்டிப் பெரிய கட்சியை ஆட வைக்கும், யார் பிழை விட்டார் என்று கண்டுபிடிக்க முடியாது என்று நல்ல நியாயங்களையும் நடுநடுவே வைத்தார். கெட்டிக்காரன்.

பிறகு ஷாமிலா. நல்ல பிள்ளை, நல்லாய்ப் படித்துக்கொண்டும் வந்திருந்தாள். ஆனால் மைக்கைக் கண்டதும் குரல் சுருங்கிவிட்டது. முந்திய தேர்தல் ஒன்றில் ஒரு கட்சி நூற்றுக்கு இருபது வாக்கு எடுத்தும் இரண்டே இரண்டு கதிரை பெற்ற கதையைச் சொன்னாள். அருமையான கதை. ஆனால் பாதியில் மைக் கீச்சிட்டது, பின்னால் ஒரு குழந்தை அழுதது, சனம் வடை வாசம் எங்கிருந்து வருகிறது என்று திரும்பிப் பார்த்தது. புதிய முறையிலும் தொகுதிக்கு ஒரு எம்.பி. இருப்பார் என்பதைச் சொல்லவே மறந்துபோனாள்.

"இலங்கையைச் சொல்லடி பிள்ளை, எழுபத்தேழைச் சொல்லு," என்று என் நெஞ்சுக்குள் ஒருத்தி கத்தினாள். ஷாமிலாவுக்கு எழுபத்தேழில் என்ன வயது இருந்திருக்கும்? அவள் சொல்லவில்லை. நேரம் முடிந்தது. நான் மணி அடித்தேன். அந்த மணியைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

இப்போது தொகுப்புரை. தொகுதி எம்.பி. புதிய முறையிலும் உண்டு என்ற தகவலைச் சேர்த்தேன். அது உண்மை, எந்தப் பக்கத்தின் சொத்தும் இல்லை. பழனிவேல் சொன்ன பிழை கண்டுபிடிக்கிற நியாயத்தை, அவர் சிரிப்புக்குள் புதைத்ததைத் தோண்டி எடுத்து, அவரைவிட வடிவாக எடுத்துச் சொன்னேன். ஷாமிலாவின் இருபதுக்கு இரண்டு கதையையும் அவளைவிட வடிவாகச் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேர்மையாக நான் கதைத்ததில்லை. அவ்வளவு வேதனைப்பட்டும் கதைத்ததில்லை. முடித்துவிட்டு "நன்றி, வணக்கம்" என்றேன்.

ஒருத்தரும் எழும்பவில்லை.

"தீர்ப்பு?" என்றது ஒரு குரல்.

"தீர்ப்பு இல்லை. அழைப்பிதழிலேயே போட்டிருந்தது," என்றேன்.

"அது சும்மா போட்டிருக்கீங்கன்னு நினைச்சோம்!"

"தீர்ப்புச் சொல்லுங்கோ!" "தீர்ப்பு! தீர்ப்பு!" கதிரைக் கைப்பிடியைத் தட்டத் தொடங்கிவிட்டார்கள். மண்டபம் கோழிக்கூட்டுக்குள் நாய் புகுந்த மாதிரி ஆகிவிட்டது.

அப்போது சதாசிவம் ஐயா எழுந்தார். சத்தம் தானாக அடங்கியது. சால்வை மடிப்புக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தார். "நடுவருக்கு ஏதோ சிரமம் போல. சபை விரும்பினா நான் சொல்றேன்," என்று மேடைப் படியில் கால் வைத்தார். மண்டபம் கைதட்டி வரவேற்றது.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது, பால் நழுவி என் வாயில் விழப்போகிறது! நான் ஒன்றும் செய்ய வேண்டாம். பேசாமல் இருந்தால் போதும். அவர் புதிய முறைக்குத் தீர்ப்புச் சொல்வார். இந்த மண்டபம் முழுவதும் அப்படியே போய் நம்பும், நாளைக்கு வீட்டுக்கு வீடு அதைச் சொல்லும். கேட்டால், அவர் நடுவரே இல்லை, சபையிலிருந்து எழும்பி வந்த ஒரு பெரியவர் என்று ஹீதரிடம் சொல்லலாம். அதில் பொய்யும் இல்லை. என் பக்கம் வெல்லும், என் கையும் சுத்தமாக இருக்கும். அந்த இரண்டு படி அவர் ஏறுகிற நேரத்தில் என் மனம் என்ன பாடுபட்டது என்பது கடவுளுக்குத்தான் தெரியும்.

ஆனால் அந்த ஜீப்பும் ஒலிபெருக்கியும் கண்ணுக்குள் வந்து நின்றன. எழுந்துபோய் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"ஐயா, மன்னியுங்கோ. தரமாட்டன்."

"என்னம்மா இது, மரபை மீறுறீங்க?"

"ஓம் ஐயா, மீறுறன். இந்த மைக்குக்கும் வாடகைக்கும் வடைக்கும் காசு குடுத்தது ஆர்? எல்லாரும். பழனிவேல் கட்டின வரியும் இருக்கு, ஷாமிலா கட்டின வரியும் இருக்கு. இதிலை ஏறி நிண்டு ஒருத்தற்றை பக்கத்தை வெல்லப்பண்ண எனக்கும் உரிமை இல்லை, உங்களுக்கும் உரிமை இல்லை. எனக்கும் ஒரு பக்கம் இருக்கு. என்னைத் தெரிஞ்ச ஆக்களுக்குத் தெரியும், எனக்கு ஒரு பக்கம் இல்லாமல் இருக்குமோ? அதையே விழுங்கிக்கொண்டு நிக்கிறன். நீங்களும் விழுங்குங்கோ!"

சிலர் சிரித்தார்கள். பலர் முறுமுறுத்தார்கள். ஐயா முகம் சிவந்து படியில் நின்றார். அந்த நேரத்தில் நடுவரிசையில் அன்னபாக்கியம் அக்கா எழும்பினார். மவுன்ட் ஆல்பர்ட்டில் புருசனோடு டெய்ரி, அதாவது தெருமூலைப் பலசரக்குக் கடை, நடத்துகிறவர். சும்மா பேசினாலே நாலு கடை தள்ளிக் கேட்கும்.

"அஞ்சலினா, ஏன் பிள்ளை இப்பிடி அடம்பிடிக்கிறீர்? ஒரு தீர்ப்பைச் சொல்லிவிடுமன், நாங்களும் சந்தோசமா வீட்டை போவம். எங்களுக்கு வேறை எங்கை வோட்டு இருக்கு? இஞ்சை கைதட்டினால்தான் உண்டு. நாங்கள் இன்னும் சிட்டிசன் எடுக்கேல்லையே."

"அதானே," என்றது ஒரு குரல். "நமக்கு எங்க ஓட்டு?" என்றது இன்னொன்று.

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஒரு பட்டிமன்றத் தீர்ப்புக்காக இவ்வளவு சத்தம் ஏன் போட்டார்கள்? தங்கள் கையில் கிடைக்கப்போகிற ஒரே தீர்ப்பு இதுதான் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். நான் ஒரு பைத்தியக்காரி. குதிரை, கப்பு, கதிரை என்று எல்லாவற்றையும் விளக்கத் திட்டம் போட்டேன், முதல் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

"பொறுங்கோ," என்றேன். "இஞ்சை நிரந்தர வதிவிடம் இருக்கிற, ஆனால் சிட்டிசன் இல்லாத ஆக்கள் கையை உயர்த்துங்கோ."

மண்டபத்தில் பாதிக்கு மேல் கை எழும்பியது.

"ஒரு வருசத்துக்கு மேலை இந்த நாட்டிலை இருக்கிற ஆக்கள் கையை இறக்காதேங்கோ."

ஒரு சில கைகள்தான் இறங்கின.

"உங்கள் எல்லாருக்கும் வோட்டு இருக்கு," என்றேன். குரல் உடைந்துபோனது, உடையட்டும். "சிட்டிசன் தேவையில்லை. பதிவு செய்தால் போதும். உண்மையிலை பதியாமல் இருக்கிறதுதான் சட்டப்படி பிழை. தேர்தலுக்கும் போடலாம், இந்த வாக்கெடுப்புக்கும் போடலாம். என்ரை தங்கச்சி டென்மார்க்கிலை இருக்கிறாள். அவளுக்குப் புத்தகம் குடுத்தாங்கள், வோட்டு இல்லை. உங்களுக்கு வோட்டு இருக்கு. நாங்கள்தான் உங்களுக்கு அதைச் சொல்லேல்லை."

அன்னபாக்கியம் அக்கா உயர்த்திய கையைக் கீழே இறக்காமல், அதை ஏதோ புதுச் சாமான் போலப் பார்த்துக்கொண்டு நின்றார். "உண்மையே பிள்ளை? எனக்கும் அவருக்குமோ? ரெண்டு பேருக்குமோ?"

"ரெண்டு பேருக்கும். தனித்தனியா."

"அப்ப பழனிவேல் தம்பி," என்று அவர் மேடைப் பக்கம் திரும்பினார், "அந்தக் குதிரைக் கதையை இன்னொருக்காச் சொல்லும். முதல் சிரிச்சுப்போட்டு விட்டிட்டன். அதிலை எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு."

அதற்குப் பிறகுதான் கூட்டம் உண்மையாகத் தொடங்கியது. வடை ஆறிப்போனது, ஒருத்தரும் எழும்பவில்லை. பழனிவேலைப் பிடித்துக் கேள்வி மேல் கேள்வி. சிரிக்க வைத்துத் தப்ப அவரால் முடியவில்லை. ஷாமிலாவிடம் மைக் இல்லாமல் நேரே கேட்டார்கள், பிள்ளை பொரிந்து தள்ளினாள். ஒருத்தராவது தீர்ப்பு என்ற சொல்லை எடுக்கவில்லை.

சதாசிவம் ஐயா மெல்ல என் பக்கத்தில் வந்தார். "ஏம்மா, நான் வந்து ரெண்டு வருஷமாச்சு. எனக்கும் உண்டா?"

"கட்டாயம் உண்டு ஐயா."

அவர் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டார். "அப்ப இது என் சொந்த ஓட்டு. இதை எதுக்கு ஊருக்குப் படிச்சுக் காட்டணும்?" என்றார். போகும்போது இரண்டு வடையும் எடுத்துக்கொண்டு போனார்.

நவம்பர் ஆறாம் தேதி, சனிக்கிழமை, நானும் டெஸ்மனும் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வாக்குப் போட்டோம். வரிசையில் எங்கள் ஆட்கள் பலரைக் கண்டேன். அன்னபாக்கியம் அக்கா பட்டுச் சேலை உடுத்திக்கொண்டு வந்திருந்தார். யாரும் யாரிடமும் எதற்குப் போடுகிறாய் என்று கேட்கவில்லை.

ஞாயிறு காலை பூசைக்கு வெளிக்கிடுமுன் வானொலி போட்டேன். புதிய முறை வென்றுவிட்டது. குசினியில் நின்று கத்தினேன். "வெண்டிட்டோம்! இஞ்சருங்கோ, வெண்டிட்டோம்!"

டெஸ்மன் பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "நீர் வெண்டிட்டீர்," என்றார்.

"என்ன?"

"நான் பழையதுக்குத்தான் போட்டனான்."

கட்டின புருசன்! சொந்த வீட்டில், சொந்த மேசையில்! "உங்களுக்கு விசரே? பழனிவேலின்ரை குதிரைக் கதைக்கோ போட்டனீங்கள்? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"எத்தினை தரம் கேட்டனான்," என்றார் அவர், அமைதியாக. "நீர் சொல்லேல்லை. பேந்து நானே யோசிச்சனான். குதிரையுமில்லை, கழுதையுமில்லை. ஒரு அரசாங்கம் பிழை விட்டால் அதை முழுசாத் தூக்கி எறிய எனக்கு விருப்பம். நாலு கட்சி சேர்ந்து ஆண்டால் ஆரைப் பிடிச்சு எறியிறது?"

அதற்கு என்னிடம் நாலு பதில் இருந்தது. நாலும் பல்லுக்குப் பின்னால் வரிசையில் நின்றன. ஆனால் நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். கல்யாணம் கட்டி இத்தனை வருடத்தில், இந்த மனுசன் தானாக யோசித்து, எனக்கெதிராக ஒரு முடிவெடுத்து, அதற்குக் காரணமும் சொல்வதை இன்றைக்குத்தான் கேட்கிறேன். கோபம் வந்தது. அதற்கு மேலே, சொன்னால் வெட்கம், பெருமை பொங்கிக்கொண்டு வந்தது.

"இதை முதலே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தால் நீர் என்னை மாத்தியிருப்பீர்."

அது உண்மை.

"தோத்துப்போனது கவலையா இல்லையோ?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். இப்போதெல்லாம் யோசிக்கத் தொடங்கிவிட்டார். "கொழும்பிலை எங்கடை பக்கம் தோத்த பிறகு, கலவரத்திலை ஒரு சூட்கேசோடை வீட்டை விட்டு ஓடினனாங்கள். இஞ்சை தோத்துப்போட்டு, வடிவா நித்திரை கொண்டு எழும்பி, என்ரை மேசையிலை இருந்து உம்மோடை சண்டை பிடிக்கிறன். இதுக்கு என்ன கவலை? அந்த ஜாமை இஞ்சாலை தள்ளும்."

என் கண் கலங்கிவிட்டது. ஜாமைத் தள்ளினேன். பூசைக்கு இன்னும் நேரம் இருந்தது. கதிரையை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்து, நாலு பதில்களில் முதலாவதைத் தொடங்கினேன்.